கேரவன் ஞாயிறுதோறும் எங்கே போகிறது

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கப்பலில் போய்த் திரும்பிவரும் காலிப் பெட்டிகளை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே ஏறி, எங்கே பழுது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இருட்டில் நிற்பேன். ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். புதுப் பெயின்ட் தெரிந்தால் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பேன். அடியில் துரு இருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்கும். பினாயில் வாசனை வந்தால், அதற்கு முன்னால் அங்கே என்ன நாறியது என்று யோசிப்பேன். வருடக்கணக்காக இதைச் செய்கிறவள், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எல்லாரையும் நம்புகிறவளாக மாறிவிட முடியாது.

என் கணவர் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் இடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பெர்த், ஜன்னல், தண்ணீர்க் குழாய் பொருத்துவது அவருடைய பிரிவு. ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அதையே நான் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் காலை, டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"ஒரு கேரவன் பாத்து வெச்சிருக்கேன். ஜீப்புல மாட்டி இஸ்துகினு போலாம். தூங்கறது, சமைக்கறது எல்லாம் அதுலயே."

"எங்க கீது அது?"

"புழல்ல."

"ஏரியாண்டயா, ஜெயிலாண்டயா?"

அவர் சிரிக்கவில்லை.

ஏரி பக்கம்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தகரக் கொட்டகையைத் திறந்து காட்டினார். இரண்டு சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி, பக்கவாட்டில் நீலக் கோடு. இரண்டு ஆட்டோவை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. உள்ளே ஒரு பெஞ்ச், கையகலத் தொட்டி, அடுப்பு வைக்க ஒரு மேடை.

"ஒரே ஒரு தடவதாங்க கொடைக்கானல் போய்ட்டு வந்துச்சு. வீட்டம்மாவுக்கு வழியெல்லாம் வாந்தி. அதோட எடுக்கவே இல்ல" என்றார் விற்கிறவர்.

நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னேன். கூரையின் ஒரு மூலையில் ஊசி போல வெளிச்சம் இறங்கியது. பினாயில் வாசனை. தரையில் விரித்திருந்த லினோலியத்தின் மேல் குதிகாலை ஊன்றினேன், தரை அமுங்கியது. வெளியே வந்து, "மழைத் தண்ணி உள்ள எறங்கியிருக்கு. பலக உளுத்துப்போச்சு" என்றேன்.

விற்கிறவர் முகம் மாறிவிட்டது. "மேடம் எந்த டிபார்ட்மென்ட்?"

என் கணவர் குறுக்கே புகுந்தார். "பரவால்ல, தரய நான் மாத்திக்கிறேன்."

பழுது தெரிந்தும் ஒருவர் ஒரு பொருளை வாங்குகிறார் என்றால், ஒன்று அவர் ஏமாளி, இல்லையென்றால் அந்தப் பொருள் வேறு எதற்கோ தேவைப்படுகிறது. என் கணவர் ஏமாளி இல்லை. எனவே அந்த இரண்டாவது காரணம் என்னவாக இருக்கும் என்று வீடு வரும்வரை ஜீப்பில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் வீட்டை ஒட்டி, மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் காலி மனை ஒன்று இருந்தது. அங்கே நிறுத்திக்கொள்ளச் சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். ஆனால் எங்கள் தெருவின் அகலத்துக்கு, ரிவர்ஸில்தான் உள்ளே விட முடியும். என் கணவர் ரிவர்ஸ் எடுத்தார். பெட்டி எதிர்ப்பக்கம் மடங்கியது. முன்னால் போய் மறுபடி எடுத்தார். இந்த முறை இந்தப் பக்கம் மடங்கியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"நைனா, லெப்ட்ல ஒடி!"

"அய்ய, ரைட்டுப்பா!"

"அக்கா, பிரியாணி கடையா போடப் போறீங்க?"

கடைசியில் ஜீப்பிலிருந்து கழற்றி, நாலைந்து பேர் கையாலேயே தள்ளி உள்ளே நிறுத்தினார்கள். அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்தார். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே ஒரு போலீஸ்காரர் வந்தார். ரேஷன் அரிசி ஆந்திரா பக்கம் கடத்தப்படுவது எங்கள் ஏரியாவில் எல்லாரும் அறிந்த சங்கதி. "உள்ள இன்னாமா? அரிசியா?" என்றார். திறந்து காட்டினேன். என்னைப் போலவே சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சினிமாக்காரங்களா?"

"இல்ல சார். ஊர் சுத்தறதுக்கு."

"ஊர் சுத்தவா? உங்க வயசுலயா?" தெருமுனை வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் லினோலியத்தையும் தூக்கிப் பார்த்திருப்பேன்.

வேலையை மட்டும் என் கணவர் குறையில்லாமல் செய்தார் என்று சொல்லியாக வேண்டும். உளுத்த பலகையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, காசிமேட்டில் போட் கட்டுகிறவர்களிடமிருந்து தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் வாங்கிவந்து அறுத்துப் பொருத்தினார். அடிச்சட்டத்தைச் சுரண்டி, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்தார். எங்கள் பக்கத்துக் கடற்காற்று இரும்பை உட்கார்ந்து தின்னும் என்பதால், போல்ட்டுகளை எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றினார். கூரை இணைப்புகளில் பசை தடவி, நாலு குடம் தண்ணீரை மேலே ஊற்றி, என்னை உள்ளே நிற்கவைத்து ஒழுகுகிறதா என்று கேட்டார். ஒழுகவில்லை. பிறகு ரயிலில் இருக்கிற மாதிரியே சங்கிலியில் மடக்கிவைக்கும் பெர்த். ஒரு மெத்தை. ஒரு மின்விசிறி. தொட்டிக்கு அடியில் தண்ணீர் கேன், கையால் அழுத்தும் பம்ப்.

எல்லாம் முடிந்தும் வண்டி எந்த ஊருக்கும் போகவில்லை.

"வேளாங்கண்ணி போலாமா?" என்று கேட்டேன்.

"சக்கரத்துல பேரிங் பாக்கணும்."

"போன மாசந்தான பாத்த?"

"கடக் காத்துல சும்மா நின்னுகினு கீது. கிரீஸ் காஞ்சிருக்கும்."

பேரிங் பார்த்தாயிற்று. பழவேற்காடு போகலாமா என்றால் கூரையில் சோலார் தட்டு வைக்கணும் என்றார். அதை வைத்ததும் பக்கவாட்டில் விரிக்கும் தார்ப்பாய்ப் பந்தல். அது வந்ததும் திரைச்சீலை நிறம் பிடிக்கவில்லையாம். திரைச்சீலை நிறத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் யார்டில் எந்தப் பழுதும் இல்லாத பெட்டி ஒன்று கிளம்பாமலே நின்றால், அது கிளம்பக் கூடாது என்று யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதே சமயம், சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கேரவனை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்ப ஆரம்பித்தார்.

"டயர் ஒரே எடத்துல நின்னா கெட்டுடும். கொஞ்சம் ஓட்டம் காட்டிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"நீ ரெஸ்ட் எடும்மா. ஒரு நாள்தான லீவு."

கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னவர் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்ததும் மனைக்கு முன்னால் நிறுத்தி, தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். அவர் குளிக்கப் போனதும் நான் சோதனை போடுவேன். சக்கரங்களில் சாம்பல் நிறப் புழுதி. அது எண்ணூர் பக்கத்து மண். பின்பக்க மூலையில் புதுப் பெயின்ட். தட்டினேன், உள்ளே நசுங்கியிருந்தது. ஒரு விளக்கின் கண்ணாடி மட்டும் மற்றதைவிடப் புதிது. தொட்டியில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள், இரண்டு. மெத்தையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே இருந்தது. அது மட்டும் கொஞ்சம் நிம்மதி.

யார்டில் என்னோடு வேலை பார்க்கிற ஒரு அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சக்கரம் வெச்ச ரூம்பு, தனி சாவி, ரெண்டு டம்ளரு. இதுக்கு மேல இன்னா வோணும் உனுக்கு?" என்றாள் அவள். "எவளோ ஒருத்தி கீறா."

"அவருக்கு அறுபது தாண்டிச்சு."

"ரிட்டயர் ஆனவனுங்களத்தான் நம்பவே கூடாது."

அடுத்த ஞாயிறு, எர்ணாவூரில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி, அதையும் குறித்துக்கொண்டேன். அவர் கிளம்பியதும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கடலோர ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றதால் ஜீப் மெதுவாகத்தான் போனது. கேரவனின் வெள்ளை முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. எர்ணாவூர் தாண்டி, மூடிப்போன ஒரு கம்பெனியின் கேட்டுக்குள் அது திரும்பியது. நான் இறங்கி, காம்பவுண்டு சுவர் ஓரமாக நடந்தேன்.

முதலில் கேட்டது ஒரு பெண்ணின் குரல்.

இவ்வளவு நாள் சந்தேகப்பட்டேனே ஒழிய, உண்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

"அந்தாண்ட ஒடி! அய்ய, அது இல்லய்யா, அந்தாண்ட! போச்சு, ட்ரம்ம தட்ன!"

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரிய சிமென்ட் தரை. நடுவே இரண்டு எண்ணெய் ட்ரம்கள், வாசல் போல இடைவெளி விட்டு நின்றன. ஒன்று கீழே விழுந்து உருண்டுகொண்டிருந்தது. ஜீப்பும் கேரவனும் முழங்கை மடங்கினாற்போல் மாட்டிக்கொண்டு நின்றன. நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, என் கணவரைவிட வயதில் மூத்த ஒரு அம்மா, மடியில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனி வாட்ச்மேனின் மனைவி. பக்கத்தில் வாட்ச்மேன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

என் கணவர் ட்ரம்மை நிமிர்த்த இறங்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். ட்ரம்மைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இன்னாய்யா பண்ற இங்க?"

"ரிவர்ஸ் கத்துக்கறேன்."

"இத்தினி மாசமாவா?"

அவர் கேரவனின் படியில் உட்கார்ந்துகொண்டார். முகத்தைத் துடைத்தார். "ரயில் பெட்டின்னா தண்டவாளத்துல ஒயுங்கா வரும். இது நான் ஒரு பக்கம் ஒடிச்சா இன்னொரு பக்கம் போவுது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு எடத்துல பின்னாடி எடுத்துத்தான ஆவணும்? அன்னிக்குத் தெருவே பாத்துச்சே, அதே மாதிரி போற எடத்துலல்லாம் நிக்க சொல்றியா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ தெனம் கண்டெய்னர் டிரைவருங்கள பாக்கற. ஒரே தடவைல உள்ள வுடறானுங்கன்னு சாப்புடும்போதெல்லாம் சொல்ற. உங்கிட்ட இன்னான்னு சொல்ல?"

நான் அப்படிச் சொல்வதுண்டு. கேரவனைச் சுற்றி வந்தேன். பின்மூலையில் இன்னொரு நசுங்கல், இன்னும் பெயின்ட் அடிக்காதது.

"கண்டெய்னர் லாரில்லாம் நீளமான வண்டிய்யா. மெதுவாத்தான் திரும்பும், பாத்து சரி பண்ணிக்க நேரம் கெடைக்கும். இது குட்டி. பட்டுனு மடங்கிடும். அந்த டிரைவருங்களே இதுல தெணறுவானுங்க."

அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேனோ என்று சந்தேகம். சொன்னது நிஜம்தான், ஆனால் அவர் நம்பவில்லை. எனக்கும் பதிலுக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. "எங்க, இப்ப எடு பாக்கலாம்" என்று பின்னால் போய் நின்றேன். வாட்ச்மேன் மனைவி நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு, கேரவனிலிருந்து அந்த இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

மழைக்கு முன்னால் பழவேற்காடு போனோம். வழியில் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். "அரிசியா?" என்றுதான் அங்கேயும் கேட்டார்கள். பெர்த்தை இறக்கச் சொன்னார்கள், தண்ணீர்க் கேனை மோந்து பார்த்தார்கள், மெத்தையைக் குத்திப் பார்த்தார்கள். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. "வெறும் மெத்த சார் அது" என்றேன். "எல்லாரும் அப்டித்தாம்மா சொல்வாங்க" என்றார் அவர். யார்டில் நான் சொல்வதும் இதுதான்.

ஏரிக்கரையில் ஒரு சவுக்குத் தோப்பில் இடம் கொடுத்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே பின்னால்தான் விட வேண்டும். நான் இறங்கி, அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கையைக் காட்டினேன். முதல் தடவை மடங்கியது. அடுத்த தடவை மரத்தில் உரசியது. வலை பின்னிக்கொண்டிருந்த சிலர் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது, ஆனால் இறங்கவில்லை. அடுத்த முறை பெட்டி நேராக உள்ளே போய் நின்றது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதில் பெரிய விஷயம் ஒன்றும் தெரியவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் இறால் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, கதவைத் திறந்துபோட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினோம்.

அதற்குப் பிறகு வேளாங்கண்ணிக்கும் போய்வந்தோம். ஞாயிறுகளில் இப்போது இரண்டு பேருமாக எண்ணூர் பக்கம் ரிவர்ஸ் பழகப் போகிறோம். வாட்ச்மேன் வீட்டு அம்மாவுக்கு நான் காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிப் போகிறேன். எல்லாம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் இந்த மாதம் தொடங்கியதிலிருந்து அவர் செல்போனில் எதையோ உற்றுப் பார்க்கிறார். நான் பக்கத்தில் போனால் திருப்பி வைத்துவிடுகிறார். இன்னா பாக்கற என்றால் சும்மா என்கிறார். பாத்ரூம் வைத்த பெரிய கேரவனாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் குளிக்கப் போகும்போது இப்போதெல்லாம் போனையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்.