வரதராசா வைத்த ஒப்பம்

1983 ஆடிக் கலவரத்தில் கண்டியை விட்டு ஓடியபோது மங்களேஸ்வரியிடம் மாற்றுச் சேலைகூட இருக்கவில்லை. முதுகலை ஆய்வேட்டின் பிரதிகள் அத்தனையையும் சில கிழமைகளுக்கு முன்புதான் தன் வழிகாட்டி வரதராசாவிடம் ஒப்படைத்திருந்தாள். புசல்லாவைத் தேயிலைச் சரிவுகளில் மழைக்கு மண் கரைவதைப் பற்றிய ஆய்வு. அட்டைக்கடியோடு நான்கு வருடம் அளந்தது.

இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குத் திரும்பி வந்தாள். வரதராசா கதிரையை விட்டு எழவில்லை.

“என்ன செய்யிறது பிள்ளை, கலவரத்திலை என்ர அறையோடை எல்லாம் எரிஞ்சு போச்சு.”

அவரும் அவளைப்போல அகதி முகாமில் கிடந்தவர். நம்பினாள். அவர் கற்பித்த, குண்டசாலைப் பக்கமிருந்த அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே உதவியாளராகச் சேர்ந்தாள். அடுத்த வருடம் புசல்லாவை மண்ணைப் பற்றி வரதராசாவின் கட்டுரை வெளிவந்தது. அட்டவணைகள் அவளுடையவை. அவள் விட்ட ஒரு கூட்டல் பிழைகூட அப்படியே இருந்தது.

காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இல்லை. இருபது வருடம் அவர் நூலகத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து நின்று “வாங்கோ சேர்” என்றாள். அவர் விழும் நாளை மனதுக்குள் வளர்த்துக்கொண்டாள்.

2007இல், வடக்கே போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தபோது, நூலகம் தன் ஆய்வுகளை ஸ்கேன் செய்து, எவரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. பழைய பரீட்சகர் விமலநாதன் காலமானதும் அவருடைய புத்தகப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அவற்றைப் பிரித்த, நூலகத்தில் கூட வேலை செய்த றம்லத் கூப்பிட்டாள்.

“அக்கா, இதுல ஒங்கட பேர் ஈக்கி!”

அவளுடைய ஆய்வேடுதான்; கலவரத்துக்கு முன்பே வரதராசா அவளுக்குச் சொல்லாமல் பரீட்சகருக்கு அனுப்பியிருந்த பிரதி. முதற்பக்கத்தில் விமலநாதனின் கையெழுத்து: ‘1983 ஆடி 4இல் கிடைத்தது. அருமையான வேலை.’

துணைவேந்தர் வரதராசாவின் மாணவர். அவரிடம் போய்ப் பயனில்லை. அனுமதிப் படிவத்தோடு நேரே வரதராசாவிடமே போனாள்.

“உங்கட கட்டுரையளை உலகம் முழுக்க வாசிக்கப் போகுது, சேர். ஒரு ஒப்பம் வேணும்.”

அவர் பூரித்துப்போய் ஒப்பமிட்டார். “புசல்லாவைக் கட்டுரையை முதல்லை போடு பிள்ளை.”

“ஓம் சேர். அதைத்தான் போடுறன்.”

தன் ஆய்வேட்டுக்கு ஆசிரியர் என்ற இடத்தில் தானே ஒப்பமிட்டாள். விமலநாதனின் குறிப்போடு அதையும், வரதராசாவின் கட்டுரையையும் ஒரே நாளில், ஒரே தலைப்பின்கீழ் ஏற்றினாள்.

இரண்டு மாதத்துக்குள், வரதராசாவின் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்கு, அது ஆய்வேட்டின் நகல் என்று வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் எழுதினார். வரதராசா நூலகத்துக்கு ஓடி வந்தார்.

“அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கோ மங்களேஸ்வரி. உங்களுக்குப் பட்டம் கிடைக்க நான் வழி செய்யிறன்.”

“நீங்கள் ஒப்பம் வைச்சதைத்தான் போட்டிருக்கிறம். எனக்கு அம்பது தாண்டிட்டுது சேர், பட்டம் வேண்டாம். நீங்கள் தலை குனியிறதைப் பாக்கவேணும்.”

சஞ்சிகை அவருடைய கட்டுரையை விலக்கிக்கொண்டது. பல்கலைக்கழக விசாரணை ஒரு வருடம் இழுபட்டு, ஓய்வுக்குப் பிறகும் அவருக்கென்று விட்டிருந்த அறையைப் பறித்தது. மங்களேஸ்வரிக்குப் பட்டம் தரவில்லை, பதிவுக்காலம் முடிந்துவிட்டதாம்.

அவர் அறையைக் காலி செய்த அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, எதிர்ப் படியில் போய் நின்றாள். கடைசிப் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது வரதராசா அவளைக் கண்டார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு ஏறியவர் அவர்தான்.