மாமா பீடியை விட்ட வருஷம்

ராயபுரத்தில் எங்களுக்குப் புது வருஷம் கப்பல்களோடுதான் பிறக்கும். டிசம்பர் கடைசி ராத்திரி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களெல்லாம் சேர்ந்து ஊதினால் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிகூட விழித்துக்கொள்ளும். எனக்கு எட்டு வயதிருக்கும். அப்படி ஊதி அடங்கிய மறுநாள் காலையில் மாமா தன் பீடிக் கட்டை என் கையில் கொடுத்தார்.

"இனிமே இத்த தொட மாட்டேன் கண்ணு. தொட்டா நீ என் கைய கட்ச்சிடு" என்றார். கடிக்க அதிகாரம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். பட்டறையில் வேலை. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு வரிசையாகத் தெரியும்; விடிய விடிய இருமுவார். அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் உடம்பைத் தேற்றியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டார். கருக்கலில் என்னை எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். வலை காயும் மணலில் ஓடுவார், தண்டால் எடுப்பார். கரையேற்றிய கட்டுமரத்தில் நான் உட்கார்ந்து அவர் துண்டைக் காவல் காப்பேன். மூச்சு வாங்கும்போது, தூரத்தில் நிற்கும் கப்பல்களைக் காட்டி இது எந்த தேசத்துக்குப் போகிறது, அங்கே என்ன தின்பார்கள் என்றெல்லாம் சொல்லுவார். பாதிக்கு மேல் புளுகு. நான் இன்றைக்கும் கருக்கலில் எழுந்து நடக்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை, புளுகுவதற்குத்தான் ஆளில்லை. ஒரு காலை, ஒரே ஒரு காலை, அந்தக் குரலைக் கேட்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

எங்கள் விரதத்துக்கு எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மாமாவுக்கு ஒரு தும்மல் வந்தால் துடித்துப்போகிற அம்மா, அந்த வருஷம் மட்டும் தலைகீழாக நடந்துகொண்டாள். "பனி கொட்டுது, இன்னாத்துக்குடா ஓட்டம்? பட்த்துக்க" என்று போர்வையை இழுத்து மூடுவாள். அவர் கேழ்வரகுக் கூழ் குடிக்கிற நேரம் பார்த்து எண்ணெய் வழிய வடை சுடுவாள். ஒருநாள் அதற்கும் மேலே போய்விட்டாள். கொடியிலிருந்து மாமாவின் சட்டையை எடுத்து மடித்தவள், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்து அதன் பையில் செருகுவதைப் பார்த்துவிட்டேன். வீடே இரண்டாகும்படி கத்தினேன்.

பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமா வந்து பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

"யக்கா, இன்னாக்கா இது" என்றார். திட்டவேயில்லை.

"ஒண்ணு குட்ச்சா செத்தா பூடுவ?" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா அந்தப் பீடிக் கட்டை என்னிடமே கொடுத்தார். ஓடிப்போய்ச் சாக்கடையில் போட்டேன். அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவில்லை.

பங்குனி வெயில் ஏறும்போது இருமல் போய், மாமாவுக்குச் சட்டை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் துறைமுகத்திலிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "பாஸாயிட்டேன் கண்ணு! போன தபா நெஞ்சு பத்தலன்னு தொரத்துனாரே கப்பல் டாக்டரு, அவுரே இன்னிக்கி முதுக தட்னாரு. கப்பல்ல வேல! எல்லாம் உன்னாலதான்."

நான் தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். அம்மா மட்டும் வெளியே வரவேயில்லை. எங்கள் குப்பத்துக் கட்டுமரங்கள் இருட்டில் போனால் மத்தியானத்துக்குள் மீனோடு கரைக்கு வந்துவிடும். கடலுக்குப் போவதென்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா ராத்திரியில் கப்பலேறிய மறுநாள், பழக்க தோஷத்தில் கருக்கலிலேயே விழித்துக்கொண்டேன். அம்மா அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். மாமாவைத் தவிர அந்தக் கூழைக் குடிப்பவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. சமாதானமாகப் போகலாமென்று நினைத்து, "மாமா இப்ப பீடியே குடிக்கிறதில்லம்மா. நாந்தான் நிறுத்தினேன்" என்றேன்.

கரண்டி நின்றது.

"குட்ச்சிகினே இருந்திருக்கலாம்டி" என்றாள் அம்மா.

இப்படியும் ஓர் அக்கா உண்டா என்று எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவின் துண்டை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். மத்தியானம் அவர் வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.