முப்பத்தொரு வீடுகளின் பட்டியல்

எங்கள் மாதா கோயிலுக்கு நான் செயலாளரானது திறமையால் அல்ல. கூட்டத்தில் பாதர், "ஆர் எழுதுவீங்கள்?" என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியப் பிந்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், கையெழுத்தும் நல்லது என்று சொல்லிக் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

கிளிநொச்சியின் அக்கராயன் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே நிற்கிற சின்னக் கோயில் அது. பாதர் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற நேரமெல்லாம் மூப்பர்தான் எல்லாம். கோயில் திறப்பு, மணி, மெழுகுதிரி, யார் வாசகம் வாசிப்பது, எந்த வீட்டுக்கு எப்போது போவது எல்லாவற்றையும் அவர் ஒருவரே வருடக்கணக்காகப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் கோயிலும் படுத்துவிடும்.

புதிதாக வந்த பாதருக்கு அது பிடிக்கவில்லை. "ஒராள் இல்லாட்டிக் கோயில் பூட்டிக் கிடக்குமெண்டால் அது அந்தாளின்ர கோயில், உங்கட கோயில் இல்லை" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். ஊரை நான்கு அன்பியங்களாகப் பிரித்தார். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு கொப்பி. மூன்று அன்பியங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. வாய்க்கால் கரைக்குத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

வாய்க்கால் கரையில் ஒன்பது கத்தோலிக்கக் குடும்பங்கள். கலவரங்களுக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். பூசைக்குத் தவறாமல் வருவார்கள், கடைசி வாங்கு இருக்கைகளில் இருப்பார்கள், பெருநாளுக்கு முதல் கோயில் வளவு முழுவதையும் கூட்டித் துப்புரவாக்குவார்கள். கூட்டங்களுக்கு மட்டும் வரமாட்டார்கள். அவர்களில் ஒரு அக்காவைத் தலைவராக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கச்சான் எனும் நிலக்கடலைத் தோட்டம் செய்கிறவர். அந்தக் கரையில் ஒரு சாவு, ஒரு சண்டை என்றால் முதலில் போய் நிற்கிறவர் அவர்தான். மூன்று முறை அவருடைய வீட்டுக்கு நடந்தேன்.

"நாங்க சொன்னா யாரு கேப்பாங்க, டீச்சர்?" என்றார்.

"நான் கேப்பன், அக்கா" என்றேன். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. அதை நம்பித்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். பின்னேரம் ஊரே அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். மறுநாள் அந்த வீட்டுக்காரர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் ஒப்படைப்பார்கள். அதற்கான பட்டியலை எழுதுவதுதான் என் முதல் வேலை. தவணைச் சோதனைத் தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. மூப்பரிடம் பழைய கொப்பியை வாங்கி, அதைப் பார்த்து எழுதிவிட்டேன். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு வீடு. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அது அவ்வளவு அச்சொட்டாக வந்ததில் எனக்குச் சந்தோஷம் வேறு.

ஞாயிறு பூசை முடிவில் பட்டியலை வாசித்தேன். முப்பத்தோராவது வீட்டை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். கடைசி வாங்கில் அந்த அக்கா நின்றார். தலைவராகி வந்த முதல் ஞாயிறு என்பதால் நல்ல சேலை உடுத்திருந்தார். அவரைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வாய்க்கால் கரையின் ஒரு வீடுகூட நான் வாசித்ததில் இல்லை. அவருடைய முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். ஒன்றுமே தெரியவில்லை.

அன்று மத்தியானம் சோற்றை மூடிவைத்துவிட்டுப் பட்டியலோடு இருந்தேன். "ஒரு பட்டியல்தானே, திருத்தினால் சரி" என்று என் கணவர் சொன்னதும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். திருத்துவது எப்படி? நாற்பது வீடு, முப்பத்தொரு நாள். ஒன்பது வீட்டைச் சேர்த்தால் ஒன்பது வீட்டை வெட்ட வேண்டும். ஆருடைய வீட்டை? பின்னேரம் இன்னொரு கதை காதில் விழுந்தது. வாய்க்கால் கரைக்காரர் இனிக் கோயிலுக்கு வராமல் தங்கள் பாட்டில் செபம் சொல்லப் போகிறார்களாம். நான் கூப்பிட்டு வந்தவர்களை நானே வெளியே தள்ளிவிட்டேன்.

பாதருக்குப் போன் எடுத்தேன். "நான் சொன்னால் அது என்ர முடிவு. நீங்களே கூடிக் கதைச்சு எடுங்கோ" என்று வைத்துவிட்டார். அந்த நேரத்தில் அவர்மேல் வந்த ஆத்திரத்தைப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வாய்க்கால் கரைக்குப் போனேன். அக்கா முற்றத்தில் கச்சான் காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்று கதிரை எடுத்துப் போட்டார். வழக்கம்போலத் தேத்தண்ணி வந்தது. போர் முடிந்து எங்களை அடைத்த செட்டிகுளம் முகாமில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தண்ணீர் வரிசையில் நின்றவர்கள். அப்படியிருந்தும் அன்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடிதான் அவரோடு கதைத்தேன்.

"மறந்துபோனன், அக்கா" என்றேன்.

"மறக்கல்ல, டீச்சர். மறக்கிறதுன்னா முன்ன ஒரு தரமாவது ஞாபகம் இருந்திருக்கணும். அந்தக் கொப்பியில எந்த வருஷமும் நாங்க இல்ல."

கோபமில்லாமல், கச்சானைக் கிளறியபடியே சொன்னார். வருடா வருடம் அந்த வீடுகளிலிருந்து வந்து மற்றவர்களின் பாய் ஓரங்களில் முழங்காலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுரூபம் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் தேத்தண்ணியைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"சனிக்கிழமை கூட்டத்துக்கு வாங்கோ அக்கா" என்று கெஞ்சினேன்.

"கொப்பியத் திருப்பித் தர வர்றேன். வேற ஆளப் பாருங்க."

சனிக்கிழமை பின்னேரம் கோயில் விறாந்தையில் கூடினோம். வீட்டுக்கு ஒருவராக வந்திருந்தார்கள். வாய்க்கால் கரையில் ஒருவருமில்லை. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசயத்தைச் சொன்னதும் மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"அவையை விலக்கினதெண்டு நினையாதேங்கோ. வாய்க்கால் ரோட்டால சுரூபத்தைக் கொண்டுபோறது கரைச்சல். மழை துவங்கினால் வழுக்கும்."

"அந்த ரோட்டாலதான் அவை ஒவ்வொரு நாளும் உங்கட வீட்டுக்குச் செபமாலைக்கு வந்தவை" என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போயிற்று.

"சரி, ஆர் தங்கட நாளை விடுறீங்கள்?" என்று கேட்டேன். சிலர் கூரையைப் பார்த்தார்கள், சிலர் போனைப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் எல்லோரும் பார்க்க என் வீட்டை வெட்டினேன். என்னைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் எழும்புவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை.

அப்போதுதான் அக்கா இரண்டு பெண்களோடு வந்தார். தூறலில் தலை நனைந்திருந்தது. அன்பியக் கொப்பியை மேசையில் வைத்தவர், வெட்டியிருந்த என் பெயரைக் கண்டுவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"உங்க வீட்ட வெட்டிட்டு எங்கள வைக்கிறதா? அப்புறம் காலம் பூரா இது டீச்சர் குடுத்த நாளுன்னு சொல்லிக்கிட்டு இருக்கணும். வேணாம்." பிறகு, "நாப்பது வீட்டையும் எழுதித் திருவுளச்சீட்டுப் போடுங்க" என்றார்.

கடவுளின் விருப்பத்துக்கு விடுகிற சீட்டு அது. கோயிலில் நின்றுகொண்டு மூப்பராலும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. முதலில் வருகிற முப்பத்தொரு வீட்டுக்கு நாள் என்று முடிவாகி, நாற்பது துண்டுகளையும் காணிக்கைக் கூடைக்குள் போட்டோம். யார் எடுப்பது என்று கேட்டபோது, மூப்பரே கூடையை அக்காவின் பக்கம் தள்ளினார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மெதுவாக வாசித்தார், நான் எழுதினேன்.

என் வீடு நான்காம் நாள். வாய்க்கால் கரையின் முதல் வீடு ஆறாம் நாள் வந்தது. எத்தனையோ வருடமாக முதல் நாளை வைத்திருந்த மூப்பருக்குப் பத்தொன்பது விழுந்தது. "பத்தொன்பதோ" என்றார், அவ்வளவுதான். இருபத்தைந்து தாண்டியபோது வந்த பெயர்களை எண்ணிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஏழு வீடுகள் வந்துவிட்டன. அக்காவின் வீடு வரவில்லை. மாதாவே, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதே என்று ஒவ்வொரு சீட்டுக்கும் மன்றாடினேன். முப்பதும் போயிற்று. முப்பத்தோராவது சீட்டை விரித்து அவர் வாசித்தது அரிசி ஆலைக்காரரின் வீடு.

மற்றவர்கள் எழும்பிச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய காதோடு, "அக்கா, என்ர நாலாம் நாளை நீங்கள் எடுங்கோ, ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன்.

"மாத்தாதீங்க, டீச்சர். இன்னைக்கு எனக்காக மாத்தினா, நாளைக்கு வேற யாருக்காகவோ மாத்துவீங்க." மேசையில் வைத்த கொப்பியை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஆறாம் நாளுக்கு எங்க ஆளுகள நான் கூட்டி வைக்கிறேன். நீங்க நல்ல தாளில எழுதுங்க."

எழுதினேன். அவருடைய வீடு இல்லாத பட்டியலை இரண்டாவது முறையாக என் கையாலேயே எழுதி, கீழே செயலாளர் என்று கையெழுத்து வைத்தேன். பேனாவை வாங்கி, பக்கத்தில் அவர் தலைவர் என்று வைத்தார்.