சுண்ணாம்பு போடாத ஆரத்தி

சரசம்மா லேசில் யாரையும் நம்ப மாட்டாள். பூக்காரி முழம் போட்டுக் கொடுத்தால் தன் கையால் இன்னொரு தடவை அளந்து பார்ப்பாள். மாப்பிள்ளை ஓவர்டைம் என்று போன் செய்தால், பின்னால் மிஷின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கண்டவர் நிலத்தில் களை எடுத்து, பிறகு கம்பெனியில் கூட்டிப் பெருக்கி, கூலியில் கைவைக்காத ஒரு மேஸ்திரியைக்கூட அவள் பார்த்ததில்லை. அவளிடம் போய் மனுஷரை நம்பு என்று சொன்னால் சிரிக்க மாட்டாளா?

அப்பேர்ப்பட்டவள் கட்சி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். புருஷன் ஆஞ்சப்பன் கிளைச் செயலாளர். அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.தான் சட்டசபையில் கட்சியின் கொறடா. எந்த மசோதாவுக்குக் கை தூக்க வேண்டும் என்று மற்ற எம்.எல்.ஏ.க்களுக்கே உத்தரவு போடுகிறவர். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே கொறடா என்றாகிவிட்டது. ஓட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் முதல் ஆரத்தி சரசம்மாவுடையது. கைராசிக்காரி என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையில் ஒரு வாரம் தெருவில் அவள் நடையே மாறிப்போகும்.

காலனிக்குப் பின்னால் இரும்புச் சாமானுக்குப் பூச்சு போடும் கம்பெனி ஒன்று வந்தது. கொஞ்ச காலத்தில் தெருவின் போர் தண்ணீர் கையில் வழுக்க ஆரம்பித்தது. வசதியிருந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். கொறடா சட்டசபையில் எழுந்து, தண்ணீரைப் பரிசோதித்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது, எல்லாம் வேண்டாதவர்கள் கிளப்பும் புரளி என்றார். ஆஞ்சப்பன் அந்த வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் வளைகாப்பு முடிந்து மகள் வினோதா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். முதல் டம்ளரிலேயே முகத்தைச் சுளித்தாள். சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது, ஒரு கேன் வாங்கக் கூடாதா என்று கேட்டாள்.

ஆஞ்சப்பன் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "கொறடா சட்டசபையில எழுந்து சொல்லிக்கீறாரு. அவரு ஆளு வூட்டுலயே கேன் வந்து எறங்கினா தெருவுல எவன்மா நம்பள மதிப்பான்?"

சரசம்மாவுக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. மகள் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் இவள் பார்வை அவள் வயிற்றுக்குப் போகும். ஆற்றில் நுரை வந்தால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன்தான் காரணம் என்று மைக்கில் முழங்குகிற மனுஷர், நம் போரைப் பற்றி ஏன் வாயைத் திறப்பதில்லை? போன கூட்டத்துக்கு வந்தபோது காபியைக்கூட பிளாஸ்க்கில் ஏன் கொண்டுவந்தார்? பரிசோதித்தது யார், எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்? கேட்டதற்கு ஆஞ்சப்பன், எதிர்க்கட்சிக்காரி மாதிரி பேசாதே என்று எரிந்து விழுந்தார். அவர் கோபப்பட்டதே அவளுக்கு இன்னொரு சந்தேகமாகிவிட்டது.

தேர்தல் வந்தது. கொறடா சாயங்காலம் வருவார் என்றார்கள். காலையிலேயே வண்டி மெயின் ரோட்டில் திரும்பிவிட்டதாக ஆள் ஓடி வந்தான். சரசம்மா அவசர அவசரமாகத் தட்டில் போர் தண்ணீரை ஊற்றி மஞ்சளைக் கொட்டிக் கரைத்தாள். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் காலி. சுண்ணாம்பு கலந்தால்தானே மஞ்சள் தண்ணீர் சிவக்கும்? பக்கத்து வீட்டு நிர்மலாவைச் சுண்ணாம்பு கேட்டுக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். தட்டில் தண்ணீர் செக்கச்செவேலென்று நின்றது.

முதலில் மஞ்சள் தூளில் கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டினாள். பிறகு தட்டில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்குமோ என்று வேறு தட்டை எடுத்தாள். அதிலும் சிவந்தது. வந்து பார்த்த நிர்மலா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய், தன் வீட்டுக் கேன் தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். அதில் அதே மஞ்சளைக் கரைத்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அப்படியென்றால் சுண்ணாம்பு மாதிரி ஏதோ காரம் போர் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது. இதையா இத்தனை நாள் பிள்ளைத்தாய்ச்சிக்கு மொண்டு மொண்டு கொடுத்தேன் என்று சரசம்மா தன்னையே நொந்துகொண்டாள். வினோதா கையிலிருந்த டம்ளரை வாங்கி முற்றத்தில் கொட்டினாள். போர் தண்ணீர்த் தட்டில் கற்பூரத்தை ஏற்றி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

கொறடா வண்டியிலிருந்து இறங்கி, கைராசிக்காரி எங்கே என்று சிரித்தார். ஆஞ்சப்பன் சால்வையோடு பக்கத்தில் நின்றார். சரசம்மா முறைப்படி தட்டைச் சுற்றினாள். பொட்டு வைத்துக்கொள்ள அவர் நெற்றியைக் குனிந்து காட்டினார். அவள் விரலால் தண்ணீரைத் தொடவே இல்லை.

"அண்ணா, இதுல சுண்ணாம்பு போடலீங்க. எங்க போர் தண்ணியில வெறும் மஞ்சள்தான் கரைச்சேன்," என்றாள்.

கொறடா விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆரத்தி எப்படிக் கரைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. விஷயம் தெரியாத மனுஷராக இருந்தால், அதெப்படிம்மா சிவக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரசம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிட்டால் போதும், பாவம், இவரையும் எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தார், பின்னால் நின்ற செல்போன்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எலெக்‌ஷன் முடியட்டும்மா. இப்ப இதப் பேசாத, நம்ம கட்சிக்குத்தான் கெட்ட பேரு."

சரசம்மா பொட்டு வைக்காமலே தட்டோடு திரும்பினாள். முதல் ஆரத்தி எடுத்தவள் பொட்டு வைக்காமல் போனதைத் தெருவே பார்த்தது. அடுத்து நின்ற பெண்கள் தட்டைத் தூக்கவில்லை. கொறடா வெறும் நெற்றியோடு கும்பிட்டுவிட்டு வண்டியேறினார். ஆஞ்சப்பன் கையில் சால்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. கொறடா சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

ஆஞ்சப்பன் வீட்டுக்கு வந்தார். சிவந்த இரண்டு தட்டுகளையும் மஞ்சளாகவே இருந்த சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். மகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஆஞ்சப்பன் தெரு முனையில் வந்துகொண்டிருந்தார். தோளில் தண்ணீர் கேன். அது உறுத்தாமல் இருக்கக் கட்சிக் கரைத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக் கீழே கொடுத்திருந்தார். குறுக்குச் சந்து இருந்தும் அதில் திரும்பாமல், தான் வீடியோ காட்டிய ஒவ்வொரு வாசல் வழியாகவும் நடந்து வந்தார்.

சரசம்மா கேனை இறக்கி, மூடியின் சீல் சரியாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளர் ஊற்றி, அதில் ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டாள். வினோதா தாகத்தோடு காத்திருந்தாள். ஆஞ்சப்பனும் வியர்வையில் நனைந்த துண்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.