டேம் தெரியுது மாமா

என் மாமா ஒரு நாவல் எழுதினார். அதை முதலில் வாசித்தவர்கள் போலீஸ்காரர்கள்தான் என்று அப்பா கிண்டலடிப்பார். அவர்கள் தேடி வருவதற்குள் மாமா சுவிஸுக்குப் போய்விட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் போனில் வரும் ஒரு குரல்தான்.

தாத்தா இறந்தபோதுகூட அவரால் வர முடியவில்லை. வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அதன்பிறகு இன்னொரு நாவல் தொடங்கினார். கடைசி அத்தியாயத்தில் மகன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அப்பாவைப் புதைத்த இடத்தில் நிற்க வேண்டும். அங்கே நின்றால் என்ன தெரியும் என்பதுதான் மாமாவுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், எல்லாம் நல்லா இருக்குண்ணே, நீங்க கவலப்படாதீங்க என்பார். அப்பாவும் அதே பாட்டுத்தான். வெளிநாட்டுக்குக் கெட்ட செய்தி சொல்லும் வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது.

கடைசியில் ஒன்பது வயதான என்னைப் பிடித்தார்.

"நீ போயி அங்கன நின்னு பாரும்மா. என்ன தெரியுதோ அத அப்படியே சொல்லு. பெரியவங்க எனக்காக மறைப்பாங்க. நீ மறைக்கமாட்ட."

அந்த வாரம் முழுக்க மழை. வழியெல்லாம் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டை. அட்டை என்றாலே எனக்கு உயிர் போய்விடும். போதாததற்கு எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு வேறு. நான் போகவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் வாய் கூசாமல், "டேம் தெரியுது மாமா, நீலமா. கோயில் கோபுரமும் தெரியுது" என்றேன். நிசமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் மாமா அழுதார். நல்ல பதிலாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறு வருஷம் புத்தகம் வந்தது. வீட்டு விலாசத்துக்கு அனுப்பப் பயந்து, நோர்வூட் பஜாரில் பாய் ஒருவரின் துணிக்கடைக்கு அனுப்பியிருந்தார். கடைசி அத்தியாயத்தை அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்க வாசித்தார். தாத்தாவின் சவப்பெட்டியைத் தூக்கிப் போனவர்களில் ஒருவர் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"அங்கேருந்து ஏதுங்க டேம்? மூஞ்சிக்கு நேரா பெக்டரி செவருதான். செத்தும் மனுசன் அதத்தான் பாத்துக்கிட்டு கெடக்காரு."

தாத்தா ஆயுசு முழுக்க உழைத்த பெக்டரி அது. மாமாவின் கதைக்கு அதைவிட வேறு என்ன முடிவு வேண்டும்? அதைக் கெடுத்த பாவி நான்தான்.

பேச்சு ஊரெல்லாம் சுற்றி சுவிஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அம்மா நீட்டிய போனை, திட்டு விழும் என்று காதிலிருந்து தள்ளியே பிடித்தேன். "சாப்டியாம்மா? அங்க மழையா?" என்று கேட்டார் மாமா. அவ்வளவுதான். அதற்குப் பின் வந்த ஞாயிறுகளிலும் அவ்வளவுதான். தோட்டத்தைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதவுமில்லை.

மாமா திட்டவேயில்லை என்று அன்று அம்மாவிடம் பெருமையடித்துவிட்டு விளையாட ஓடினேன். ஊரைப் பார்க்க அவருக்கு என் கண்ணை விட்டால் வேறு கண் இல்லை என்பது அப்போது எனக்கு எங்கே தெரிந்தது.