பிரேக் அக்காவும் ஆறு சிலிண்டரும்

பயந்தாங்கொள்ளி என்று யாராவது என்னைச் சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. சண்டை என்றாலும் எனக்குப் பயம்தான். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ரகம் நான்.

பிழைப்புக்குப் பல் செட் செய்கிறேன். உடனே டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, பிளாஸ்டரையும் மெழுகையும் வைத்துக்கொண்டு, அந்த வாய்க்குப் பொருந்துகிற பல்வரிசையை அமைத்துக் கொடுப்பது என் வேலை. என் மேஜையில் எதுவும் ஓடாது, எதிலும் மோதாது. அப்படிப்பட்டவனுக்கு இவள் வந்து வாய்த்தாள். இவளுக்கு அந்தக் கார் வந்து வாய்த்தது.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவளிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவள் ‘பிரேக் அக்கா’. ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. அவள் அதை அழுத்தினால், ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக்கும் தானாக உள்ளே போகும். கத்தமாட்டாள், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கமாட்டாள். “நேராப் பாரும்மா, பயப்படாத” என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும், கால் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்தக் கால் பஸ்ஸில் போனாலும் சும்மா இருக்காது, டிவியில் கார் துரத்தினாலும் சும்மா இருக்காது. தூக்கத்தில் என் கணுக்காலில் எத்தனை பிரேக் விழுந்திருக்கிறது என்று என்னைக் கேட்டால் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு கார் நின்றது.

“யாரு காரு இது?”

“நம்மளுது.”

“நம்மகிட்டதான் காரே கிடையாதே.”

“காலையில வரைக்கும் கிடையாது.”

பார்வைக்கு அது ஆபீஸுக்குப் போகிற சாது மாதிரி இருந்தது. நாலு கதவு, பின்னால் டிக்கி, பத்து வயசு. பானெட்டைத் தூக்கினால் தெரியும் சேதி. ஆறு சிலிண்டர், அது போதாதென்று ஒரு டர்போ. முதலில் வைத்திருந்தவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, வேன் வாங்கவேண்டி வந்ததால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தை இவள் அதில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தாள். அவள் பணம், நான் வாயைத் திறக்க முடியாது.

ஸ்கூல் கார்களைப் பார்க்கிற மெக்கானிக் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனும் அவளிடம் ஓட்டக் கற்றவன்தான், அதனால் அவள் அக்கா, நான் மாமா.

“அக்கா, இதை வாங்குறது ஒண்ணும் பெரிசில்ல. வெச்சுக் காப்பாத்தணும்” என்றவன் என் பக்கம் திரும்பினான். “மாமா இப்பவே வேர்த்துட்டாரு.”

வேர்க்காமல் என்ன செய்யும். அந்தக் காரின் செலவை நான் பல்லில்தான் கணக்குப் போடுவேன், அப்போதுதான் எனக்கு உறைக்கும். ஒரு டயர் என்பது மேலும் கீழும் சேர்ந்த ஒரு முழு செட். அப்படி நாலு டயர். எஞ்சின் ஆயில் மாற்றினால் ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பல் மொத்தமும் போச்சு. உசத்தி பெட்ரோல்தான் குடிக்கும், அதையும் மூச்சு விடாமல் குடிக்கும். இன்சூரன்ஸ் கட்டுகிற மாதம் ஒரு குடும்பமே பொக்கை வாயோடு என்னைத் தேடி வந்தால்தான் சமாளிக்கலாம். பிரேக் டிஸ்க் தேய்ந்தபோது, சல்லிசாக ஒரு செட் கிடைக்கிறதே, போட்டுக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். “எதுல வேணா மிச்சம் பிடிங்க, பிரேக்குல பிடிக்காதீங்க” என்று ஒரிஜினலைத்தான் போட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் சாலைக்குக் கிளம்புவாள். ஊருக்குள் கார் பூனை மாதிரி போகும். அந்தச் சாலையில் திரும்பியதும் கியரை ஒன்று இறக்கி மிதிப்பாள். எஞ்சினின் சத்தம் தடித்து எழும்பும், என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். பயத்தில் பல்லை நறநறவென்று கடித்து, ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற என் பல்லே தேய ஆரம்பித்துவிட்டது. கடைசியில் எனக்கு நானே அச்செடுத்து, தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் போடுகிற உறை ஒன்றைச் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிக்கொண்டேன்.

“தூங்கும்போது போடுறதுதானே அது?”

“உன் பக்கத்துல உக்காந்து எவன் தூங்குவான்?”

சிரிப்பாள். ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். வாரம் முழுக்க அவள் புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு கிடக்கும், யாரையோ எதிலேயோ மோதவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிற கோடு. அந்தச் சாலையில் அது இருக்காது. இந்தக் காரால் நமக்கு என்ன லாபம் என்று ஒருமுறை நான் வழக்குப் பேசியபோது அவள் சொன்னாள்: “வாரம் பூரா நிறுத்துறதுதாங்க என் பொழைப்பு. ஒரு நாளாவது போறேனே.” அதற்குப் பிறகு நான் செலவைப் பற்றி வாயெடுக்கவில்லை. பயம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

போன வருஷம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே, “இன்னைக்கு ஒரு பொண்ணு, ‘அக்கா, நானே பிரேக் போட்டேன்’னு குதிச்சாங்க” என்றாள். இவள் ஜன்னல் பக்கமிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. இவள் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண் மிதித்துவிட்டாள். வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவள் சிரிக்கவில்லை. மறுநாள் எழுந்ததும், “ஒரு கண்ணுல ஓரமா திரை விழுந்த மாதிரி இருக்குங்க” என்றாள்.

விழித்திரை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். உடனே ஆபரேஷன். பிறகு விழித்திரை ஒட்டும்வரை குப்புறப் படுத்த படுக்கை. அந்த ஓரப் பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மறுபடி பார்த்துச் சொல்கிறேன், அதுவரை எந்தக் காரிலும் எந்தப் பிரேக்கையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பார்வை வராவிட்டால் அவளுக்கு அந்த ஸ்கூல் இருக்கை இல்லை. அந்தச் சம்பளம் இல்லாமல் வாசலில் நிற்கிற காருக்குத் தீனி போட முடியாது. இரண்டும் போனால் இவள் எதை வைத்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பாள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் ஒரு பெரியவரின் செட்டில் இடது கோரைப் பல்லை வலதில் வைத்து அனுப்பி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவளோ தினமும் ஒரே பாட்டு. “நல்லாத் தெரியுதுங்க.” ஸ்கூல் முதலாளியிடமும் அடுத்த மாதம் வந்துவிடுவதாகச் சொல்லிவைத்தாள். எங்கள் காரை விலைக்குக் கேட்டு மெக்கானிக்கிடம் ஒருவர் வந்திருந்தார். “அவர் இந்த வாரம் பதில் சொல்லச் சொல்றாரு அக்கா” என்று அவன் போன் செய்தபோது, “டாக்டரைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் போகிற நாள் வந்தது. டாக்சி கூப்பிடலாம் என்றேன்.

“நம்ம காரை எடுங்க. ரொம்ப நாளா நிக்குது பாவம்.”

“நானா?”

“லைசன்ஸ் வெச்சிருக்கீங்கல்ல?”

லைசன்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளே சொல்லிக்கொடுத்து வாங்கித்தந்தது. ஆனால் நான் ஓட்டியதெல்லாம் ஸ்கூல் கார்தான், அதுவும் அவள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஆபத்து என்றால் என் காலடியில் பிரேக் தானாக உள்ளே போய்விடும். எத்தனையோ வருஷம் அப்படி ஓட்டி ஓட்டி, முதல் மிதியை நான் மிதிக்கவேண்டும் என்கிற பழக்கமே எனக்கு வரவில்லை.

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

“நான் பக்கத்துல இருக்கேன்ல?”

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சாவியைத் திருப்பினேன்.

கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. லேசாகக் கால் பட்டாலே அந்தக் கார் முன்னால் பாயப் பார்த்தது, நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். முதல் சிக்னல் நெருங்கியபோது ஓரக்கண்ணால் அவள் காலைப் பார்த்தேன். பழைய வழக்கப்படி கால்மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பாதி பயம் போனது. அடுத்த சிக்னலிலும் அழுத்தினாள். அங்கே பிரேக் இல்லை, வெறும் தரைதான் என்று என் புத்திக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை.

மரக்கடைகள் இருக்கிற சாலையில் போகும்போது, அவள் ஜன்னல் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு லாரி பின்னோக்கி வந்தது. ஹாரனும் இல்லை, பின்னால் வருகிறேன் என்று கத்துகிற பீப்பரும் இல்லை, அதன்பாட்டுக்கு வந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, என் காலடியில் பிரேக் தானாக இறங்கும் என்று காத்திருந்தேன்.

இறங்கவில்லை.

அப்போதுதான் உறைத்து, இரண்டு கால்களாலும் மிதித்தேன் என்று நினைக்கிறேன். கார் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சல்லிசு பிரேக்காக இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருக்கமாட்டேன். லாரியில் நீட்டிக்கொண்டிருந்த மரச்சட்டங்கள் அவள் பக்கத்து முன்விளக்குக்கு ஒரு முழம் தள்ளி இருந்தன.

“ஏன் நிறுத்துனீங்க?” என்றாள்.

அதட்டலாக இல்லை. ஸ்கூலில் புதிதாக வந்தவர்களைக் கேட்பாளே, அப்படிக் கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். முகம் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் கால்மிதியின் மேல் சும்மா கிடந்தது.

லாரி மெல்ல நகர்ந்து எங்களுக்கு முன்னால், சாலையின் நடுவுக்கு வந்தது. அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். பார்த்த உடனே அவள் கால் ஓங்கி வெறும் தரையை மிதித்தது.

லாரி ஒருவழியாகத் திரும்பிப் போனது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“அது எப்பலேர்ந்து அங்க இருந்துச்சு?”

“மொதல்லேர்ந்து.”

“நல்லாத் தெரியுதுன்னு சொன்னது பொய்யில்லங்க” என்றாள். “நேரா எல்லாம் தெரியுது. தெரியாத பக்கம் ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியல.” அவள் குரல் நடுங்கியது. எங்கள் வீட்டில் நடுங்குவது நான்தான், அவள் குரலில் நான் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு அந்த லாரியைவிட அதுதான் பயமாக இருந்தது.

லாரி சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார். அந்த ஓரம் இனித் திரும்பாது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவள் ஸ்கூல் முதலாளிக்குப் போன் செய்து, “இனிமே என்னால வர முடியாது சார், பசங்க உயிரு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு மெக்கானிக்கின் நம்பரைத் தேடினாள். கண்ணீரில் அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை.

“அப்புறம் பேசிக்கலாம்” என்றேன்.

“எதுக்கு அப்புறம்? இதை வெச்சு என்ன பண்றது? சம்பளமும் இல்ல.”

“நான் வாரத்துக்கு ஒரு செட் கூடச் செய்யறேன். ஊர்ல பல்லு போனவங்களுக்கா பஞ்சம்?”

“ஓட்டுறது யாரு?”

சாவியைத் திருப்பிக் கிளம்பினேன். வீட்டுக்குத் திரும்பவேண்டிய முனையில் மறுபக்கத்து இண்டிகேட்டரைப் போட்டேன்.

“வீடு இந்தப் பக்கம் இல்லங்க.”

“தெரியும்.”

நீர்த்தேக்கத்துச் சாலை காலியாக நீண்டு கிடந்தது. பல் உறை வீட்டில் இருந்தது. காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு ஸ்கூலில் பேசுகிற குரலில் சொன்னாள்:

“கண்ணாடியைப் பாருங்க. எடுங்க. ரெண்டாவது. ம், மூணாவது. அதுலயே வெச்சுக்கோங்க, மாத்தாதீங்க.”

“எனக்கு நெஜமாவே பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான்” என்றாள். “சத்தம் மாறும். மாறினதும் ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிங்க.”

ஓரக்கண்ணால் அவள் காலைத் தேடினேன். கால்களைக் கால்மிதியிலிருந்து எடுத்து, இருக்கைக்கு அடியில் பின்னால் இழுத்து, ஒன்றோடு ஒன்று பின்னி வைத்திருந்தாள். இனி அங்கிருந்து எனக்கு எதுவும் வராது. எஞ்சினின் சத்தம் மாறியது.

மிதித்தேன்.