தறி நின்ற நாளில் கோமு பாடியது

கோமு இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவளுடைய அம்மா வேலம்மாள். அதுவும் போனில். அவர்கள் தெருக்காரர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலம்மாளுக்குக் காது கேட்காது. வாழ்நாளெல்லாம் விசைத்தறிகளுக்கு நடுவே நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் முழுதாகவே போய்விட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

நான் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கோமுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் அந்த அம்மாவின் குரல், எப்போதும்போல உரக்க.

"ஏய்யா, கோமு போயிட்டா. காய்ச்சல்ல கெடந்தால்லா, காலைல போயிட்டா. நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. வந்துரு."

வைத்துவிட்டார். கேட்காது என்று தெரிந்தும் நான் "அம்மா, அம்மா" என்று வெறும் போனில் கத்திக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கரன்கோவிலில் நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கடைக்குப் பின்னால் பாட்டுப் பதிவு செய்ய ஒரு சின்ன அறை உண்டு. கோமு முதலில் அங்கே வந்தது ராப் பாடும் சில பையன்களோடு. பாட்டு முழுக்க அவர்கள் பாடுவார்கள். நடுவில் இரண்டு வரி மட்டும் இவளுக்குக் கொடுப்பார்கள். தறி வேலை முடிந்து பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு வந்து, அந்த இரண்டு வரியைப் பாடிவிட்டுப் போவாள். ஒருநாள் தனியாக வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்குன்னு ஒரு ஆல்பம் போடணும். முழுசும் நானே. நீங்கதான் மியூசிக் பண்ணித் தரணும்."

"ராப்பெல்லாம் நமக்கு எதுக்கும்மா? அம்மன் பாட்டு பாடு. ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் தெருவுக்குத் தெரு போடுவாங்க" என்றேன். நான் வியாபாரி, அப்படித்தான் பேசுவேன்.

"அம்மனப் பாட ஊருபட்ட ஆளு இருக்காவ. எங்கம்மாவப் பாட யாரு இருக்கா?"

மைக்கை எடுத்து வைத்தேன். வேலையை ஆரம்பித்தோம்.

அந்தப் பதிவில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மைக்கைப் பார்த்து அவள் வாயைத் திறந்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. "மெதுவாப் பாடு கோமு" என்றால், "மெதுவாத்தான்ணே பாடுதேன்" என்று அதையும் கத்திச் சொல்வாள். கடைசியில் மைக்கை அறைக்குள் வைத்து, அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பாடவைத்தேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களுக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

என் அறிவைக் காட்டுவதற்காக ஒருநாள் தறிச்சத்தத்தைப் பதிவு செய்து, அதையே தாளமாகப் போட்டுக் காட்டினேன். சினிமாக்காரர்கள் கேட்டால் துள்ளிக் குதித்திருப்பார்கள். கோமு முகத்தைச் சுளித்தாள். "ஏண்ணே, இந்த எழவக் கேக்காம இருக்கத்தானே நான் இங்கன வாரேன்?" அத்தனையையும் அழித்துவிட்டு வேறு தாளம் போட்டேன். ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் 'காதடைப்பு'. அதில் எந்த இடத்திலும் தறிச்சத்தம் கிடையாது.

நாங்கள் பதிவு செய்த ஒரு பாட்டைச் சென்னையில் இருக்கும் ஒரு பாடல் கம்பெனிக்கு அனுப்பினேன். வீடியோ அழைப்பில் ஒருவர் வந்தார், அவளைப் பாடச் சொல்லிக் கேட்டார். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை இவ்வளவு திறக்கிறாளே, கொஞ்சம் வார்த்தையை விழுங்கிப் பாடினால்தான் ஸ்டைல் வரும் என்றார். கோமு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "முழுங்குனா எங்கம்மாவுக்கு வெளங்காது சார்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பும் இல்லை. எனக்குக் கடும் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல.

ஆல்பத்தை நாங்களே இணையத்தில் ஏற்றினோம். கேட்டவர்கள் கொஞ்சம்தான். பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா என்று எழுதினார்கள், இது ராப்பா ஒப்பாரியா என்றும் எழுதினார்கள். கடையநல்லூரிலிருந்து போய் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "தங்கச்சி, ரூம்ல எல்லாரும் ஒக்காந்து கேட்டோம். ஊர்ப் பேச்சக் கேட்டு ரொம்ப நாளாச்சு. அல்லா ஒனக்கு நீண்ட ஆயுசக் கொடுக்கட்டும்." அதை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அந்த ஆயுசு அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அவளுக்கு இணையம் பெரிதாகப் படவில்லை. தன் தெருவில் வெளியிட வேண்டும், அம்மா முன்னால் பாட வேண்டும், அதுதான் முக்கியம். நாள் குறிப்பதில்தான் சிக்கல். தறி ஓடினால் அந்தத் தெருவில் ஒன்றும் கேட்காது. அவளே வழியும் சொன்னாள். பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்குத் தறி நிற்கும், எல்லோரும் வாசலில் சும்மா இருப்பார்கள். அருமையான யோசனை என்று நானும் மெச்சினேன்.

அந்த நாள் வந்தது. லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், தெருவின் இரண்டு முனையிலும் நிறுத்தி, ஒயர் இழுத்து, பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொருக இடம் தேடினேன். அப்போதுதான் உறைத்தது. கரண்ட் இல்லாத நாளைத் தேடிப் பிடித்து மைக் செட் கொண்டுவந்திருக்கிறேன்! இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். முகூர்த்த நாள் வேறு, ஜெனரேட்டர் எங்கும் கிடைக்கவில்லை. தெருவே சிரித்தது. கோமுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விடுங்கண்ணே. தறிக்கு மேல கத்துனவளுக்கு மைக்கு என்னத்துக்கு?"

நடுத்தெருவில் நின்று, தாளமும் இல்லாமல் ஆரம்பித்தாள். முதல் பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தார்கள். தறிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாட்டு மாதிரி இல்ல வே. ஆனா நம்ம கதையத்தான் சொல்லுதா" என்றார். நான் என் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டு அம்மாவைப் பற்றியது. வேலம்மாள் எழுந்து வந்து மகளுக்கு நேர் எதிரே நின்றார்.

"ஏட்டி, ஒதடு ஓடுது. மெல்லச் சொல்லுட்டி."

கோமு நிறுத்தினாள். முதலிலிருந்து தொடங்கி, அம்மாவின் கண்ணைப் பார்த்து, சொல் சொல்லாகச் சொன்னாள். ராப்புக்கு வேகம்தான் உயிர் என்பார்கள். அன்றைக்கு அந்த வேகத்தை அவள் தன் அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தாள். "நீ கத்துனதெல்லாம் கோவம்னு நெனச்சேன், கொஞ்சுனதுன்னு இப்பத் தெரியுது" என்ற வரி வந்தபோது வேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரி வரும்போது கோமுவால் முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அதைப் பாடி முடித்தாள். சற்று நேரத்தில் கரண்ட் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன, எல்லோரும் எழுந்து உள்ளே போனார்கள்.

இப்போது அவள் படத்தை வைத்து ஊரே ஸ்டேட்டஸ் போடுகிறது. இரண்டு வரி மட்டும் கொடுத்த பையன்களும், 'எங்கள் ராப் அரசி' என்று. போடட்டும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் வேலம்மாளைப் பார்க்கப் போனேன். நான் எடுத்த அந்த வீடியோவை கோமுவின் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் முழுதாக வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் யாரும் குறைக்கச் சொல்லவும் இல்லை. என்னைக் கண்டதும் கடைசி இடத்தில் நிறுத்திக் காட்டினார்.

"இங்கன திரும்பிக்கிட்டா பாரு. என்ன சொன்னான்னு இன்னும் தெரியல. கேட்டா, பெறவு சொல்லுதேம்மான்னு சிரிச்சிக்கிட்டே போயிருவா. வேற யாருகிட்டயும் கேக்க மனசில்ல, அவளே சொல்லுவான்னு இருந்தேன். நீ சொல்லுய்யா."

நான் எதிரே உட்கார்ந்தேன். சொல்ல முயன்றேன், குரல் வரவில்லை. பிறகுதான் குரல் தேவையில்லை என்று புரிந்தது. கோமு திறப்பதுபோல வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

'ஒனக்குக் கேக்கலேன்னா என்னம்மா, சொன்னதெல்லாம் ஒனக்குத்தான்.'

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னொருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன்.

அவளுடைய குரல் இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்கென்று அவள் விட்டுப்போனது இந்த வேலைதான். இப்போதும் வாரம் ஒருமுறை போகிறேன். அந்த அம்மா எதிரே வந்து உட்காருகிறார். முகத்தைத் திருப்பாமல் சொல்லிவிட்டு வருகிறேன்.